‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றார்கள், நன்றி என்று எழுதிவிட்டேன்: சொற்பெட்டி ஒன்று செய்த கதை

போன மே மாதம் சென்னையில் உளுந்து வாங்கும் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கடைசி லாட்டுக்கான ஆவணங்கள் ‘ஸ்டில் அவுட்ஸ்டாண்டிங்’ என்று எழுதியிருந்தார். பள்ளியில் அந்தச் சொல்லுக்கு ‘மிகச் சிறந்த’ என்று மனப்பாடம் செய்தவன் நான். நம் ஆவணங்களைக்கூட ஒருவர் பாராட்டுகிறாரே என்று மனம் குளிர்ந்து, ‘தேங்க் யூ வெரி மச் சார்’ என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்து போனே வந்துவிட்டது. ஆவணம் இன்னும் வரவில்லை, பாக்கி நிற்கிறது என்று அவர் முறையிட்டிருக்கிறார். நான் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

ரங்கூனில், பயின்னவுங் மொத்தச் சந்தைப் பக்கம் ஒரு பருப்பு ஏற்றுமதிக் கடையில் கணக்கும் கடிதமும் பார்க்கிறேன். வீட்டில் தமிழ், வெளியே பர்மியம், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் ஆங்கிலம். இருபது வருஷமாக அதே இருபது வாக்கியங்களை வைத்துக் காலம் தள்ளியாயிற்று. அக்கா மகள், எனக்கு மருமகள் முறை, வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சொல் போதவில்லை, எனக்கும் போதவில்லை. சரி, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏதாவது செய்வோம் என்று இறங்கினோம். இந்த ஏழு மாதத்தில் எங்கே சொதப்பினோம், எதைத் திருத்தினோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் எடுத்தது நோட்டுப் புத்தகம். பன்சோடன் தெரு நடைபாதையில் பழைய அகராதி ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று ‘ஏ’ எழுத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் 140 சொல். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துச் சொல்லிப் பார்த்தால் கடகடவென்று வந்தது. மருமகள் நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. எனக்கு நினைவிருந்தது சொல்லல்ல, அது பக்கத்தில் இருந்த இடம். மேலிருந்து மூன்றாவது என்றால் தெரியும். தனியாக நின்றால் தெரியாது. ‘பி’ எழுத்துக்குப் போகும் முன்பே நோட்டை மூடிவிட்டேன்.

அதனால் அட்டைக்கு வந்தோம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, கலைத்துப் போட்டுக் கேட்கலாம். கடையில் வாங்கும் அட்டைக்கு விலை அதிகம். வீட்டு அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன; நல்ல கனம், பின்பக்கம் வெறுமை. கத்தரியை எடுத்ததும் அம்மா வந்து நின்றார். “பிள்ளையார் படம் இருக்குறதை வெட்டக் கூடாது.” அப்படியே ஆகட்டும் என்று படம் இருந்தவற்றை ஒதுக்கி, உள்தாளை மட்டும் பத்து சென்டிமீட்டர் நீளம், ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினோம். முதல் நாளில் 90 அட்டை தேறியது.

பெட்டிக்கு ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. உள்ளே அட்டைப் பலகையால் தடுப்பு வைத்து ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில் கிடக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்ப்பது எங்கள் கணக்கு. இது நான் கண்டுபிடித்ததல்ல. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை. அதற்கும் முன்னால், 1885-இலேயே எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதிவிட்டார். படித்த அன்றே பாதிக்கு மேல் போய்விடுகிறது என்பதுதான் அதில் என் கண்ணில் பட்டது. என் 140 சொல்லும் போன வழி அதுதான்.

டப்பா செய்ததில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தடுப்புகளைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். ஜூன் மாதம். ரங்கூன் மழை தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்துவிடுவார்கள். இங்கே மே நடுவிலிருந்து அக்டோபர் வரை சுவரே வியர்க்கும். பத்தாம் நாள் டப்பாவைத் திறந்தால் தடுப்பு முழுக்கப் பச்சைப் பூசணம், அடியில் எறும்பு வரிசை. ஜெல் பேனாவால் எழுதியிருந்த அட்டைகளில் மை பரவி, சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பசையைச் சுரண்டி, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, இந்த முறை பசையே இல்லாமல் செய்தேன். நீளவாக்கில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு பலகை, குறுக்கே நான்கு. ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் பாதி உயரத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிவிட்டேன். முட்டை அடுக்கும் பெட்டியில் தடுப்பு இருக்குமே, அதேபோல. பேனாவைப் பால்பாயின்ட்டுக்கு மாற்றினேன். புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இரண்டை மூலையில் போட்டேன். அதற்குப் பிறகு பூசணம் வரவில்லை. மூடி ஓரம் மட்டும் துருப்பிடிக்கிறது.

பெட்டி நின்றுவிட்டது. ஆனால் சொல் நிற்கவில்லை. ஒரு மாதம் அட்டை புரட்டிய பிறகும் நான் கடிதத்தில் ‘ப்ளீஸ் ஷிப்மென்ட் த கூட்ஸ்’ என்றே எழுதினேன். மருமகள் ‘ஐ டிசிஷன் டு கோ’ என்று கட்டுரை எழுதினாள். பொருள் தெரிகிறது, அட்டையில் சரியாகவும் சொல்கிறோம், வாக்கியத்தில் வைத்தால் கோணலாகிறது.

காரணத்தைப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் வயதான தமிழாசிரியர். கோயிலில் சாயங்கால வகுப்பில் அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். மருமகளுக்குத் தமிழ் எழுத்து வந்ததே அவரால்தான். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றில் ‘பியூட்டிஃபுல் - அழகு’. இன்னொன்றில் ‘டிசைட் - முடிவு’. அடுத்ததில் ‘ஷிப் - அனுப்புதல்’.

“அழகுன்னா பெயர்ச்சொல்லுடா. அந்த இங்கிலீஷ் சொல்லு பெயர்ச்சொல்லா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அடி விழுந்தாற்போல் இருந்தது. நாங்கள் எல்லாச் சொல்லுக்கும் தமிழில் ஒரு பெயர்ச்சொல்லைப் பொருளாக எழுதி வைத்திருந்தோம். வினைச்சொல்லா, பெயரடையா என்று எதையும் பார்க்கவில்லை. பழைய நோட்டிலும் அப்படியேதான். ‘டிசைட்’ என்றாலும் முடிவு, ‘டிசிஷன்’ என்றாலும் முடிவு என்று மனதில் பதிந்தால், எழுதும்போது கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதுதான் வரும்.

நம் இலக்கணத்தில் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. தொல்காப்பியமும் அப்படித்தான் பிரிக்கிறது, நன்னூலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வழக்கமாக எட்டு என்று கணக்குச் சொல்வார்கள். ‘நல்ல’ என்பதை நாம் குறிப்புப் பெயரெச்சம் என்போம். அங்கே அது தனி வகுப்பு. எட்டின் பெயரையும் மனப்பாடம் செய்வதில் பிரயோசனம் இல்லை என்று ஐயா சொல்லிவிட்டார். அவர் காட்டிய வழி எளிது: ஆங்கிலச் சொல் எந்த வேலை செய்கிறதோ, தமிழ்ப் பொருளையும் அதே வேலை செய்யும் வடிவத்தில் எழுது. பெயருக்கு முன்னால் நின்று அதை விவரித்தால் ‘ஆன’ போடு. எப்படிச் செய்தான் என்று சொன்னால் ‘ஆக’ போடு. செயல் என்றால் ஏவலாக எழுது.

அன்று இரவே பழைய அட்டைகளைக் கொட்டி மறுபடி எழுத உட்கார்ந்தோம். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர் இது, அன்றைக்கு எங்கள் முறை இல்லை. சார்ஜ் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டோம். முதலில் எழுதிய குடும்பம் இது:

டிசைட் - முடிவு செய்
டிசிஷன் - முடிவு
டிசைசிவ் - தீர்மானமான
டிசைசிவ்லி - தீர்மானமாக

நான்கையும் ஒரே அட்டையில் எழுதி, மேல் மூலையில் நிறக் கோடு போட்டோம். பெயருக்கு நீலம், வினைக்குச் சிவப்பு, பெயரடைக்குப் பச்சை, வினையடைக்குக் கறுப்பு. கேட்கும்போது தமிழ்ப் பக்கத்திலிருந்து கேட்பதுதான் கஷ்டம், அதுதான் பலனும். “முடிவு செய்” என்று நான் சொன்னால் அவள் நிறத்தோடு பதில் சொல்ல வேண்டும்: “சிவப்பு, டிசைட்.” நிறம் தவறினாலும் அட்டை முதல் அறைக்குத் திரும்பிவிடும். இந்த விதியை அவள்தான் கொண்டுவந்தாள். அதிகமாக அடி வாங்கியவன் நான்.

அவளுக்குத் தமிழை விட பர்மியம் சுலபம். அதனால் அட்டையின் அடியில் பர்மியப் பொருளையும் எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, “மாமா, பர்மியத்துலயும் இது இருக்கு” என்றாள். ‘லோட்’ என்றால் செய். முன்னால் ‘அ’ சேர்த்து ‘அலோட்’ என்றால் வேலை. இரண்டிலும் கடைசி ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிடும், எழுத்துக்காகத்தான் போட்டிருக்கிறேன். ‘மியன்’ என்றால் வேகம் என்ற பொருள். ‘மியன்மியன்’ என்று இரட்டித்தால் வேகமாக. நாம் ‘மெல்ல மெல்ல’ என்று சொல்வதில்லையா! தினமும் டீக்கடையில் பேசுகிற மொழி, நாற்பது வருஷமாக அதைக் கவனிக்கவே இல்லை. பர்மியத்தில் சொல்லின் முன்பக்கம் மாறுகிறது, ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்பக்கம் மாறுகிறது என்று அவள் அட்டையில் குறித்துக்கொண்டாள்.

பின்பக்கத்தைப் பார்த்தே வகை சொல்லலாம் என்பது பாதி உண்மை. ‘ஷன்’, ‘மென்ட்’, ‘நெஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர். ‘ஃபுல்’, ‘அஸ்’, ‘ஏபிள்’ என்றால் பெயரடை. ‘லி’ என்று முடிந்தால் வினையடை என்று நம்பினால் வழுக்கும். ‘காஸ்ட்லி’, ‘ஃபிரெண்ட்லி’ இரண்டும் பெயரடை. ஐயாவின் ஆன–ஆக சோதனை இங்கே காப்பாற்றுகிறது: ‘எ காஸ்ட்லி ப்ராஜெக்ட்’ என்பதைத் தமிழில் சொன்னால் ‘செலவு அதிகமான வேலை’. ‘ஆன’ வந்துவிட்டது, பச்சைக் கோடு.

என் கடைச் சொற்களை எடுத்தபோதுதான் எனக்கு ருசி பிடித்தது. பருப்பு ஈரத்தை அளப்பது எங்கள் தினப்படி வேலை. ‘மாய்ஸ்ச்சர்’ நீலம், ஈரப்பதம். ‘மாய்ஸ்ட்’ பச்சை, ஈரமான. ‘மாய்ஸன்’ சிவப்பு, ஈரமாக்கு. கப்பல் சரக்கு ஆவணத்தில் ‘கன்சைனர்’ அனுப்புகிறவர், ‘கன்சைனி’ பெறுகிறவர். ‘ஈ’ என்று முடிந்தால் பெரும்பாலும் கொள்கிற பக்கம், ‘அர்’ என்றால் செய்கிற பக்கம். ‘எம்ப்ளாயர்’ வேலை கொடுப்பவர், ‘எம்ப்ளாயி’ வேலை பார்ப்பவர். ‘பேயர்’ பணம் கொடுப்பவர், ‘பேயி’ வாங்குபவர். எல்லா இடத்திலும் பொருந்தாது. வராமல் போனவர் ‘ஆப்சன்டி’; அவர் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை.

பிறகு ‘அட்வைஸ்’. வியாபாரக் கடிதத்தில் ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று வந்தால் எங்களுக்கு யாரும் அறிவுரை கேட்கவில்லை. தகவல் தெரிவியுங்கள் என்கிறார்கள். பெயர்ச்சொல்லாக எழுதினால் கடைசியில் ‘சி’ எழுத்து, வினைச்சொல்லாக எழுதினால் ‘எஸ்’. பேசும்போது பெயரில் பாம்பு சீறும், வினையில் வண்டு ரீங்கரிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே ‘ஸ்’தான், அதனால் அட்டையில் வண்டுப் படமே வரைந்துவிட்டாள்.

மாட்பே என்று இங்கே சொல்லும் உளுந்தை இரண்டு தரமாகப் பிரித்து விற்போம்: எஸ்க்யூ, எஃப்ஏக்யூ. முதலாவது ‘ஸ்பெஷல் குவாலிட்டி’. இரண்டாவது ‘ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி’. இந்தச் சொற்களை ஆயிரக்கணக்கான தடவை தட்டச்சு செய்தவன் நான். ஒருநாள் மருமகள், “இதுல ஃபேர்னா என்ன மாமா?” என்றாள். நியாயமான என்றேன். நியாயமான உளுந்தா என்று கேட்டாள். சிவப்பு நிறத்தையும் ஃபேர் என்பார்கள் என்றேன்; உளுந்து கறுப்பு. அகராதியைப் பிரித்தோம். பச்சைக் கோட்டில் மட்டும் நியாயமான, வெளிர் நிறமான, சுமாரான என்று மூன்று பொருள். நீலக் கோட்டில் சந்தை, கண்காட்சி. எங்கள் உளுந்துக்குப் பொருந்துவது ‘சுமாரான’. அதாவது ‘ஓரளவு நல்ல, நடுத்தரத் தரம்’. இருபது வருஷமாக என்ன விற்றேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ் கட்டணமாகிய ‘ஃபேர்’ ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு. அதற்குத் தனி அட்டை.

ஒரே எழுத்து, அழுத்தம் மட்டும் மாறும் சொற்களுக்காக இன்னொரு திருத்தம் செய்தோம். ‘எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்’, ‘பெர்மிட்’, ‘இன்கிரீஸ்’ இவையெல்லாம் பெயராக வரும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாக வரும்போது இரண்டாவதை. பதிவு என்றால் ‘ரெக்கார்ட்’, பதிவு செய் என்றால் ‘ரிக்கார்ட்’. நமக்கு எல்லா அசையும் சமம், இந்த ஏற்ற இறக்கம் காதில் விழுவதே இல்லை. குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள் என்று இருக்கும் பர்மியத்தில் வளர்ந்த காது அவளுடையது. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். நான் இன்னும் அழுத்த வேண்டிய அசைக்குக் கீழே கோடு போட்டு, மேஜையில் விரலால் தட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோற்றுப்போன இடம், ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ வகையறா. ‘இன்’ அட்டையின் பின்னால் ‘இல், உள்ளே, ஆக, ஆல்…’ என்று எழுதி இடமே தீர்ந்துவிட்டது. தமிழில் ‘ரங்கூனில்’ என்று உருபு பின்னால் ஒட்டும். பர்மியத்திலும் ஊர்ப் பெயருக்குப் பின்னால்தான் ‘ஹ்மா’ வரும். ஆங்கிலத்தில் மட்டும் முன்னால். தனியாகப் பொருள் எழுதிப் புண்ணியமில்லை என்று அந்த அட்டைகளைக் கிழித்துவிட்டோம். இப்போது அவை எந்தச் சொல்லோடு வருமோ அதனோடேயே எழுதுகிறோம்: ‘டிபெண்ட் ஆன்’, ‘வெயிட் ஃபார்’, ‘ரிப்ளை டு’. ‘டிஸ்கஸ்’ அட்டையில் மட்டும் ‘பின்னால் எதுவும் இல்லை’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ‘அபவுட்’ போட்டுப் பழகிய கை எனக்கு.

நடுவில் ஒரு சந்தோஷம். சுருட்டைக் குறிக்கும் ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘சுருட்டு’தான். இந்த ஊரில் நிறுக்கும் ‘விஸ்’, சுமார் 1.63 கிலோ, நம் ‘வீசை’. இரண்டையும் அட்டையில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். “அப்ப அவங்ககிட்ட நம்ம பாக்கி இருக்கு” என்றார்.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் ஆரம்பத்தில் ஆசைப்பட்டுவிட்டோம். நீளமான, கம்பீரமான சொற்களாகப் பார்த்துச் சேர்த்தோம். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் அடிப்படைச் சொற்களாக ஏறக்குறைய 2,000-ஐத் தொகுத்தார். அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான், எங்கள் பெட்டியில் இருக்க வேண்டிய எத்தனையோ சாதாரணச் சொற்கள் இல்லை என்று தெரிந்தது. சாதாரணச் சொல்தான் பல வேலை பார்க்கிறது. ‘ரவுண்ட்’ ஒன்றே பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் என்று ஐந்து வேடம் கட்டுகிறது. ஆகவே இப்போது ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல். அதில் மூன்று கட்டாயம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்றைய கணக்கு: 412 அட்டை. ஐந்தாவது அறையில் 170 சொச்சம். ‘அவுட்ஸ்டாண்டிங்’ அட்டையில் இரண்டு பச்சை வரி: ‘மிகச் சிறந்த’, ‘பாக்கியுள்ள’. அது மூன்றாவது அறையில் இருக்கிறது. போன வாரம் நான்காவதில் இருந்தது, எப்படித் திரும்பியது என்று கேட்காதீர்கள். ‘கெட்’ மட்டும் ஏழு மாதமாக முதல் அறையை விட்டு நகரவில்லை. அதை ஆறு அட்டையாகப் பிரித்துவிடலாம், ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் போதும் என்கிறாள் மருமகள். பிரிக்கலாம்தான், ஆனால் வெட்டுவதற்குத் தாள் இல்லை. மார்கழி நடக்கிறது, கல்யாணமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. தை பிறந்து நாலு வீட்டுக்காரர் வந்து அழைத்தால்தான் ‘கெட்’டுக்கு விடிவு. அதுவும் பிள்ளையார் படத்தை உள்தாளில் அச்சடிக்காமல் இருந்தால்.